ஆனைக்கொம்பும் மாசிக்காயும்: காவிரிப் படுகையில் ஒரு கழலைப் பூச்சி

பூச்சியோ சிலந்திப்பேனோ ஒரு தாவரத்தின் இலை, தண்டு, மொட்டு முதலியவற்றுள் ஏதேனும் ஓரிடத்தில் புகுந்து, அவ்விடத்துத் திசுவை இயல்புக்கு மாறாகப் பெருகச் செய்து, அந்தப் பெருக்கத்தினுள்ளேயே உணவும் உறைவிடமும் பெற்று வளருமாயின், அவ்வாறு உண்டாகும் புடைப்பைக் கழலை என்று தாவரவியலிலும் பூச்சியியலிலும் வழங்குவர். இலையைக் கடித்துத் தின்னும் புழுவும் சாற்றை உறிஞ்சும் தத்துப்பூச்சியும் தாவரத்திடமிருந்து பறித்துக்கொள்கின்றன. கழலைப் பூச்சியோ தாவரத்தையே தனக்காகக் கட்டித்தர வைக்கிறது. கட்டுமானப் பொருளும் உழைப்பும் தாவரத்துடையவை, வடிவத்தை வகுப்பது மட்டும் பூச்சி. ஒரே மரத்தின் ஒரே கிளையில் இரண்டு வெவ்வேறு இனக் குளவிகள் முட்டையிட்டால் இரண்டு வெவ்வேறு உருவமுள்ள கழலைகள் தோன்றுகின்றன என்பதும், குளவியைக் கண்ணால் பாராமலே கழலையைக் கொண்டு அதன் இனத்தைச் சொல்லிவிட முடியும் என்பதும் இதற்குப் போதிய சான்றுகள். இத்தாலிய மருத்துவரான மார்செல்லோ மால்பிகி 1679-இல் வெளிவந்த தம் தாவர உள்ளமைப்பியல் நூலில், கழலைகள் பூச்சியின் முட்டையிலிருந்தே தொடங்குகின்றன என்பதை எடுத்துக்காட்டும்வரை, அவை மரத்தின் தீய சாற்றிலிருந்து தாமே பிறப்பவை என்ற எண்ணமே ஐரோப்பாவில் நிலவியது.

உலகில் மிக விரிவாக ஆராயப்பட்ட கழலைகள் ஓக் மரத்துக் கழலைகளே. தமிழில் கருவாலி என்று நூல்களில் குறிக்கப்படும் இம்மரம் இமயமலைச் சரிவுகளில் காடாக வளர்கிறதேயன்றித் தென்னிந்தியக் காடுகளில் இயற்கையாக வளர்வதில்லை. இம்மரத்தையே நம்பி வாழும் சிறு குளவிகளுள் சினிப்ஸ் என்ற பேரினம் 1758-இல் லின்னேயஸ் வகுத்த பழைய பேரினங்களுள் ஒன்று. அதனையும் அதற்கு நெருங்கிய ஆண்ட்ரிகஸ் போன்ற பேரினங்களையும் சேர்த்து எண்ணினால் ஓக் கழலைக் குளவிகள் சுமார் ஆயிரம் இனங்கள் வரும். இவற்றுள் பலவற்றின் வாழ்க்கை விந்தையானது. ஆணும் பெண்ணும் கூடிப் பிறப்பிக்கும் தலைமுறை ஒன்றும், ஆணே இல்லாமல் பெண் மட்டுமே முட்டையிட்டுப் பெருகும் தலைமுறை ஒன்றும் மாறிமாறி வருகின்றன. இரண்டும் மரத்தின் வெவ்வேறு உறுப்புகளில் வெவ்வேறு வடிவக் கழலைகளை எழுப்புவதால், தாயையும் மகளையும் தனித்தனி இனங்களாக அறிஞர்கள் நெடுங்காலம் பெயரிட்டு வைத்திருந்தார்கள். ஜெர்மனியின் ஷ்லெஸ்விக் நகர மருத்துவர் ஹெர்மன் ஆட்லர் மரக்கன்றுகளில் குளவிகளை வளர்த்துப் பார்த்து, 1881-இல் இவ்வுண்மையை விளக்கி எழுதிய பிறகே அக்குழப்பம் தெளிந்தது. அமெரிக்காவில் ஆல்ஃப்ரெட் கின்சி என்பவர் இருபதாண்டு காலம் இக்குளவிகளையே சேகரித்து, அளந்து, 1930-இல் சினிப்ஸ் பேரினத்தைப் பற்றியே ஒரு பெருநூல் எழுதினார். மனிதரின் பாலியல் நடத்தையைப் பற்றி 1948-இல் அவர் வெளியிட்ட ஆய்வு அவருக்குப் பெரும் புகழையும் அதற்கு ஈடான வசையையும் தேடித் தந்தது. குளவிகளை எண்ணிப் பழகிய பொறுமைதான் அந்த ஆய்விலும் தெரிகிறது.

ஓக் மரம் இல்லாத தஞ்சைத் தரணியில் ஓக் கழலை மட்டும் வீட்டுக்கு வீடு அறிமுகமானது. நாட்டு மருந்துக் கடைகளில் கடுக்காய், ஜாதிக்காய், வசம்பு ஆகியவற்றோடு விற்கப்படும் மாசிக்காய் என்பது, குவெர்கஸ் இன்ஃபெக்டோரியா என்ற குட்டையான ஓக் மரத்தின் இளங்கிளையில் ஆண்ட்ரிகஸ் இனக் குளவி ஒன்று முட்டையிடுவதால் உருண்டு திரளும் கழலை. துருக்கி, சிரியா, ஈராக், ஈரான் ஆகிய நாடுகளின் மலைப்பகுதிகளே இதன் பிறப்பிடம். மேல்நாட்டு வணிகத்தில் சிரியாவின் அலெப்போ நகரப் பெயராலேயே இது வழங்கி வந்தது. எடையில் பாதிக்கும் மேலாகத் துவர்ப்புப் பொருளாகிய டானின் இதில் இருப்பதால், வாய்ப்புண்ணுக்கும் கழிச்சலுக்கும் சித்த மருத்துவம் இதனைப் பயன்படுத்துகிறது. பச்சிளங் குழந்தைக்கு உரை மருந்து கொடுக்கும் குடும்பங்களில் கல்லில் இழைக்கப்படும் பொருள்களுள் இதுவும் ஒன்று. இதே டானினோடு அன்னபேதி எனப்படும் இரும்பு உப்பும் பிசினும் சேர்ந்தால் நீரில் அழியாத கருமை கிடைக்கும் என்பதைக் கண்டுகொண்ட ஐரோப்பியர் பல நூற்றாண்டுகள் அதையே எழுதுமையாகக் கொண்டிருந்தனர். 1620-இல் தரங்கம்பாடியில் கால்பதித்த டேனியக் கம்பெனி போன்ற வணிகக் கம்பெனிகள் கணக்கும் கடிதமும் எழுதிய காலம் இந்த மையின் காலமே. அம்மையிலுள்ள அமிலம் நாளடைவில் தாளையே அரித்துவிடும் என்பதால், ஆவணக் காப்பகங்கள் இன்றும் அதன் விளைவோடு போராடுகின்றன.

மாசிக்காய் வணிகத்தில் தரம் பிரிக்கும் முறை ஒன்று இங்கே கவனிக்கத்தக்கது. கருநீலமோ கரும்பச்சையோ படர்ந்து, கனத்து, எங்கும் துளையில்லாமல் இருக்கும் காய் உயர்ந்த தரம். வெளுத்து, இலேசாகி, பக்கத்தில் வட்டமாக ஒரு சிறு துளை விழுந்த காய் தாழ்ந்த தரம். துளை என்பது உள்ளேயிருந்த குளவி வளர்ச்சி முற்றி வெளியே பறந்துவிட்டது என்பதற்கு அடையாளம். அதற்குள் துவர்ப்பும் குறைந்துவிடுகிறது. கழலையைப் பார்க்கிறவர் முதலில் பார்க்க வேண்டியது துளையை என்னும் இந்த வணிகப் பாடம், பின்னர் வரும் நெற்பயிர்க் கழலைக்கும் அப்படியே பொருந்தும்.

கழலை உண்டாக்கும் குளவி தஞ்சை மண்ணிலேயே வேண்டுமென்றால் அத்தி மரத்தில் அது கோடிக்கணக்கில் இருக்கிறது. அத்தியின் பூக்கள் வெளியே தெரிவதில்லை. காய் போலத் தோன்றும் உருண்டையின் உட்சுவர் முழுவதும் அவை மலர்ந்திருக்கின்றன. ‘அத்தி பூத்தாற்போல’ என்ற வழக்குக்கு அடிப்படையும் அதுவே. செரட்டோசோலன் என்ற பேரினத்தைச் சேர்ந்த பெண் குளவி அவ்வுருண்டையின் நுனியிலுள்ள இடுக்கான வாயில் வழியே சிறகு முறியப் புகுந்து, தன் உடலோடு கொண்டுவந்த மகரந்தத்தைப் பூக்களில் சேர்த்து, சில சூலகங்களில் முட்டையிட்டு, உள்ளேயே மடிகிறது. முட்டை விழுந்த சூலகங்கள் கழலைகளாகப் பருத்துக் குளவிக் குஞ்சுகளை வளர்க்கின்றன. முட்டை விழாதவை விதைகளாகின்றன. சில பூக்களைக் குளவிக்கு விட்டுக்கொடுத்து எஞ்சியவற்றில் விதையைப் பெற்றுக்கொள்ளும் இந்த ஏற்பாடு இல்லாவிட்டால் அத்தி மரத்துக்குச் சந்ததியே இல்லை. அத்திப் பழத்தைப் பிட்டுப் பார்த்தால் அத்தனையும் புழு என்று பழமொழி முகம் சுளிக்கிறது, தாவரவியல் அவ்வாறு சுளிப்பதற்கில்லை. சாலையோரப் புங்க மரத்தின் இலைகளில் கொத்துக் கொத்தாக எழும் கொப்புளங்கள் வேறு வகை. அவை கண்ணுக்குத் தெரியாத சிலந்திப்பேனின் வேலை, மரத்துக்குப் பெரிய கேடு செய்வதில்லை.

கேடு செய்யும் கழலை நெல்லில் இருக்கிறது. காவிரிப் படுகை விவசாயி ஆனைக்கொம்பன் என்று அறிந்திருக்கும் பூச்சி குளவி இனத்தைச் சேர்ந்ததன்று, கொசுவைப் போன்ற உருவமுடைய ஓர் ஈ. ஆர்சியோலியா ஒரைசே என்பது அதன் அறிவியற்பெயர். பீகாரின் முங்கேர் வட்டாரத்தில் 1880-ஆம் ஆண்டளவில் நெல்லில் கண்டறியப்பட்ட இதற்கு, கல்கத்தா இந்திய அருங்காட்சியகத்தைச் சேர்ந்த ஜேம்ஸ் உட்-மேசன் 1889-இல் பெயரிட்டார். ஆப்பிரிக்க நெல்வயல்களில் இதே தோற்றத்துடன் இதே சேதத்தைச் செய்து வந்த ஈ வேறோர் இனம் என்பது 1982-இல்தான் உறுதியாயிற்று. வரகு, அருகு முதலிய புல்லினங்களில் காணும் இதே போன்ற குழல்களையும் நெல் ஈயே உண்டாக்குவதாக முன்பு கருதினர். அவற்றுள் பல தனித்தனிச் சகோதர இனங்களின் வேலை என்று பின்னர் தெரிந்தது. ஆகவே வரப்பில் நிற்கும் புல்லில் குழலைக் கண்டவுடன் அதுவே வயலுக்கு வரும் ஆபத்தின் ஊற்று என்று முடிவு கட்டுவது சரியாகாது. அறுவடைக்குப் பின் துளிர்க்கும் மறுதாம்பும் காட்டு நெல்லுமே இந்த ஈ அடுத்த பருவம்வரை உயிர் தரித்திருப்பதற்கு உரிய முதன்மையான இடங்கள்.

இந்த ஈயின் வாழ்க்கையைச் சற்று விரிவாகச் சொல்லியே ஆக வேண்டும், ஏனெனில் விவசாயி செய்யக்கூடியதும் செய்யக்கூடாததும் அதிலேயே அடங்கியிருக்கின்றன. ஈ ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் நீளமுடையது. பெண்ணின் வயிறு செம்மஞ்சளாகப் பருத்திருக்கும், ஆண் அதனினும் சிறியது. பகலில் பயிரின் அடியில் ஒதுங்கியிருந்து, இரவில் பறந்து, விளக்கொளியை நாடி வருகிறது. சில நாள்களே வாழும் பெண், அதற்குள் நூறு முதல் இருநூறு முட்டைகளை இலையின் அடிப்புறத்திலும் இலையுறை சேருமிடத்திலும் தனித்தனியாகவோ சிறு சிறு குழுக்களாகவோ இடுகிறது. ஒரு தாயின் பிள்ளைகள் யாவும் பெரும்பாலும் ஒரே பாலாக, அனைத்தும் ஆணாகவோ அனைத்தும் பெண்ணாகவோ, பிறப்பது இவ்வினத்தின் தனித்தன்மை. மூன்று நான்கு நாள்களில் பொரிக்கும் புழுவுக்குக் கால்கள் இல்லை. இலைமேல் படிந்த பனித்துளியிலும் தூறல் நீரிலும் வழுக்கியே அது இலையுறைகளின் இடைவெளி வழியாகக் குருத்தின் அடியிலுள்ள வளர்நுனியை அடைய முடியும். வானம் மூடி, காற்றில் ஈரம் மிகுந்து, இலைகள் நாள் முழுதும் நனைந்திருக்கும் வாரங்களில் மட்டும் இப்பூச்சி பெருகுவதற்கும், வெயில் காய்ந்தால் முட்டையும் புழுவும் உலர்ந்து சாவதற்கும் இதுவே காரணம்.

வளர்நுனியை அடைந்த ஒரே ஒரு புழு அந்தத் தூரின் தலைவிதியை மாற்றிவிடுகிறது. புழு உண்ணத் தொடங்கியதும், அதன் உமிழ்நீரில் உள்ள பொருள்களின் தூண்டுதலால், அடுத்த இலையாகவும் பின்னர் கதிராகவும் ஆகியிருக்க வேண்டிய திசு தன் வேலையை நிறுத்திக்கொள்கிறது. இலையுறை மட்டும் புழுவைச் சுற்றி உள்ளீடற்ற குழலாக வளர்கிறது. வெங்காயத் தாள்போல் உருண்டு, வெளிர் பச்சையாகவோ வெள்ளிபோல் பளபளப்பாகவோ, நுனியில் பெயரளவுக்கு ஓர் இலைத்துணுக்குடன் நீளும் இந்தக் குழலையே ஆனைக்கொம்பு, வெள்ளித்தண்டு என்றெல்லாம் சொல்கிறார்கள். புழுப்பருவம் இரண்டு அல்லது மூன்று வாரங்கள். குழலுக்குள்ளேயே கூட்டுப்புழுவாகி, உடலிலுள்ள முட்களை ஊன்றி ஊன்றிக் குழலின் நுனிவரை ஏறி, அங்கே ஒரு துளையிட்டுப் பாதி உடலை வெளியே நீட்டியபடி நிற்கும்போது ஈ வெளிப்பட்டுப் பறந்துவிட, உரிதோல் மட்டும் துளையில் செருகியபடி எஞ்சுகிறது. குழல் விரைந்து நீண்டு விவசாயியின் கண்ணில் படுவது பெரும்பாலும் புழு கூட்டுப்புழுவாகும் தறுவாயில்தான். அதற்கு முன் வயல் பசுமையாக, தூர் நிறைந்து, குறையேதும் தெரியாமல் இருக்கும்.

பூச்சியியலார் இதனைப் பன்முறை எழுதியிருந்தும் ஊரில் நடப்பது வேறு. வயலில் வெள்ளித்தண்டு திட்டுத் திட்டாகத் தெரிந்த பிறகே மருந்துக் கடைக்கு ஓடுகிறார்கள். தெளிக்கும் மருந்து, முன்னமே குழலுக்குள் பாதுகாப்பாக இருக்கும் கூட்டுப்புழுவையோ, ஈ பறந்துபோன வெறுங்குழலையோதான் நனைக்கிறது. கதிர் இழந்த தூரில் மருந்தினால் கதிர் வருவதில்லை. குருத்துப்பூச்சியோடு இதனைக் குழப்பிக்கொள்வதும் உண்டு. குருத்துப்பூச்சி தாக்கினால் நடுக்குருத்து மஞ்சளாகிக் காய்ந்து, இழுத்தால் கையோடு வந்துவிடும். ஆனைக்கொம்பன் தாக்கிய குருத்து காய்வதில்லை, உள்ளே வெறுமையான குழலாக நிற்கும். இந்த வேறுபாட்டை அறியாமல் ஒன்றுக்கான மருந்தை மற்றொன்றுக்கு அடித்த பணம் ஒவ்வொரு சம்பாவிலும் வீணாகிறது.

இந்த ஈ தாக்கும் பருவம் நாற்றங்காலில் தொடங்கித் தூர் கட்டும் பருவத்தோடு முடிகிறது. வளர்நுனி கதிராக மாறத் தொடங்கிவிட்டால் புழுவால் அதனைக் குழலாக்க இயலாது. தாக்குண்ட பயிர் இழப்பை ஈடுசெய்யப் பக்கத் தூர்களை விடுகிறது, அடுத்த தலைமுறை ஈக்கள் அவற்றையும் தாக்குகின்றன. ஆகவே ஒரு வயல் தப்புமா தப்பாதா என்பது, அது தூர் கட்டும் வாரங்களும் வானம் மூடியிருக்கும் வாரங்களும் ஒன்றன்மேல் ஒன்று விழுகின்றனவா என்பதையே பொறுத்தது. காவிரிப் படுகையின் மூன்று போகங்களையும் இந்தக் கணக்கில் வைத்துப் பார்க்கலாம். ஜூன் மாதத்தில் தொடங்கும் குறுவை, ஆடி மாதக் காற்றிலும் வெயிலிலும் தூர் கட்டுவதால் பெரிதும் தப்புகிறது. சம்பா தூர் கட்டும் ஐப்பசியிலும், குறுவை அறுத்த வயலில் நடப்படும் தாளடி தூர் கட்டும் கார்த்திகையிலும் வடகிழக்குப் பருவமழை படுகையின் மீது நிற்கிறது.

மேட்டூர் அணை 1934-இல் கட்டி முடிக்கப்பட்ட பிறகு, ஜூன் 12 என்ற நாள் இப்பகுதி உழவின் ஆண்டுக் கணக்கைத் தொடங்கிவைக்கும் நாளாக நிலைபெற்றது. அந்த நாளில் தண்ணீர் வந்தால் குறுவை நேரத்தில் ஏறி, நாற்றங்கால்கள் ஏறத்தாழ ஒரே காலத்தில் விடப்பட்டு, நடவும் தூர் கட்டுதலும் ஊருக்கு ஊர் சிறிய இடைவெளியோடு நடந்து முடிகின்றன. 2017-இல் அணை திறக்கப்பட்டது அக்டோபர் 2-ஆம் நாள், 2022-இல் மே 24-ஆம் நாள். நான்கு மாதத்துக்கும் மேற்பட்ட இந்த ஊசலாட்டம் குடிமராமத்துக்கும் கடனுக்கும் மட்டுமன்றிப் பூச்சிக்கும் உரிய செய்தி. தண்ணீர் பிந்தும் ஆண்டுகளில் ஆழ்குழாய்க் கிணறு உடையவர் முன்னதாக நட, மழையை நம்பியவர் புழுதியில் நேரடியாக விதைக்க, கடைமடையில் உள்ளவர் இன்னும் பின்தங்க, ஒரே வாய்க்காலின் பாசனப் பரப்பில் பத்து வகை வயதுடைய பயிர்கள் ஒரே நேரத்தில் நிற்கின்றன. மூன்று நான்கு வாரங்களுக்கு ஒரு தலைமுறை வீதம் பெருகும் ஈக்கு, முதல் வயல் பொதி கட்டி முற்றிய பிறகும் பக்கத்து வயலில் இளந்தூர் கிடைத்துக்கொண்டே இருக்கிறது. ஆனைக்கொம்பன் பெருகுவதற்கு மழையின் மீது பழி சொல்வது எளிது. மழைக்கு ஈடான பங்கு ஒழுங்கற்ற நீர்த்திறப்புக்கும் உண்டு என்பதே உண்மை.

தஞ்சாவூர் மாவட்டம் தீவிர வேளாண் மாவட்டத் திட்டத்தில் முதற்கட்டத்திலேயே சேர்க்கப்பட்டது. ஆடுதுறையில் உருவான ஏ.டி.டி. 27 என்ற குறுகியகால நெல் 1960-களின் நடுவில் வயலுக்கு வந்தது. ஓராண்டில் இரண்டு போகம் என்பது பரவலாயிற்று, இரசாயன உரமும் பெருகிற்று. விளைச்சல் உயர்ந்தது என்பதில் ஐயமில்லை. ஆயினும் தழைச்சத்தை மிகுதியாக ஏற்றுத் தூர் பெருக விடும் இரகங்களும், வயலில் நெல்லே இல்லாத இடைவெளி குறைந்ததும் ஆனைக்கொம்பனுக்கு ஏற்றவையாக அமைந்தன. இந்தியாவின் பல மாநிலங்களில் அது பெரும் பூச்சியாக உயர்ந்தது அதிக விளைச்சல் இரகங்களின் வரவை ஒட்டியே ஆகும். இன்று படுகையில் பலராலும் விரும்பிப் பயிரிடப்படும் பி.பி.டி. 5204 சோற்றுக்கு இனியது, எனினும் இந்த ஈக்கு எளிதில் இரையாவது.

தாங்குதிறன் வாய்ந்த இரகங்களைத் தேடும் முயற்சியும் அதே காலத்தில் நடந்தது. ஈசுவரகோரா என்ற பழைய ஆந்திர நெல்லும், கேரளத்துப் பட்டாம்பியின் பி.டி.பி. 18, பி.டி.பி. 21 என்ற இரகங்களும் இந்த ஈயைத் தாங்கின. ஈசுவரகோராவின் வழிவந்த டபிள்யூ 1263 என்ற நெல்லைக் கொண்டு பல இரகங்கள் உருவாயின. மதுரை வேளாண்மைக் கல்லூரியிலிருந்து வெளிவந்த எம்.டி.யூ. 3 தமிழ்நாட்டில் ஆனைக்கொம்பனை எதிர்ப்பதற்கென்றே அறியப்பட்டது. இவ்வெதிர்ப்பு இயங்கும் விதம் இரண்டு. ஒருவகை இரகங்களில் புழு வந்து தொட்ட இடத்துச் செல்கள் உடனே கருகிச் செத்து, புழுவுக்கு உணவில்லாமல் செய்துவிடுகின்றன. மற்றொரு வகையில் கருகல் எதுவும் இல்லாமலே புழு வளராது மடிகிறது, டபிள்யூ 1263-இல் உள்ள எதிர்ப்பு மரபணு இத்தகையது. இரண்டிலும் நடப்பது ஒன்றே: கட்டித்தர வேண்டிய குழலைத் தாவரம் கட்ட மறுக்கிறது. ஆனால் ஒரே மரபணுவை நம்பிப் பெரும்பரப்பில் ஒரே இரகத்தைப் பயிரிட்டால், அதனை வெல்லக்கூடிய ஈக்களே பிழைத்துப் பெருகுகின்றன. பல்குணா என்ற இரகம் பரவிய வட கடலோர ஆந்திரத்தில் 1980-களிலேயே அதன் எதிர்ப்பு முறிந்தது. இன்று இந்தியாவில் இந்த ஈயின் ஏழு உயிர்வகைகள் இனங்காணப்பட்டுள்ளன, அதாவது தோற்றத்தில் ஒன்றாயினும் எந்தெந்த இரகத்தைத் தாக்க முடியும் என்பதில் வேறுபடும் ஏழு கூட்டங்கள். ஓரிடத்தில் எதிர்ப்புடைய நெல் மற்றோரிடத்தில் வீழ்வதற்கு இதுவே காரணம்.

இந்திய அறிவியலில் கழலைகளைப் பற்றிய ஆய்வுக்குத் தமிழர் செய்த பணி சிறியதன்று. ஆக்ராவின் செயின்ட் ஜான்ஸ் கல்லூரியில் பணியாற்றிய எம்.எஸ். மணி, இந்த ஈ அடங்கிய கழலை ஈக்களின் குடும்பத்தை வகைப்படுத்தியவர்களுள் முக்கியமானவர். கழலைகளின் சூழலியலைப் பற்றி 1964-இல் அவர் எழுதிய நூலும், இந்தியக் கழலைகளைத் தொகுத்து 1973-இல் வெளியிட்ட நூலும் இத்துறைக்கு அடிப்படை. சென்னை லயோலா கல்லூரியில் பூச்சியியல் ஆய்வு நிறுவனத்தை வளர்த்த டி.என். அனந்தகிருஷ்ணன் இலைப்பேன்கள் உண்டாக்கும் கழலைகளில் உலகறிந்த அறிஞர். இவர்களுடைய நூல்கள் யாவும் ஆங்கிலத்தில் இருப்பதும், அவற்றின் சாரம் தமிழில் ஒரு கையேடாகவேனும் இன்னும் பரவலாகாததும் வருந்தத்தக்கவை.

ஓக் கழலைக் குளவிக்கு ஒருவகையில் உறவான குளவி ஒன்று நெல்வயலில் விவசாயியின் பக்கம் நிற்கிறது. பிளாட்டிகாஸ்டர் ஒரைசே என்ற, ஒரு மில்லிமீட்டர் அளவேயுள்ள கருங்குளவி ஆனைக்கொம்பன் ஈயின் முட்டையைத் தேடி அதனுள் தன் முட்டையை இடுகிறது. ஈயின் முட்டை பொரித்து, புழு வழக்கம்போல் வளர்நுனியை அடைந்து, குழலையும் எழுப்பிக்கொள்கிறது. குளவியின் ஒற்றை முட்டையோ புழுவின் உடலுக்குள் பலவாகப் பிளந்து பெருகி, இறுதியில் புழுவின் தோல் முழுவதும் சிறு சிறு குளவிக் கூடுகளால் நிரம்பிவிடுகிறது. இக்குளவி தாக்கிய புழுவும் குழலைக் கட்டிவிடுவதால், அந்தத் தூர் மீள்வதில்லை. அதனால்தான் இதன் உதவி விவசாயியின் கண்ணுக்குத் தெரிவதில்லை. காப்பாற்றப்படுவது அடுத்த தலைமுறை ஈயிடமிருந்து தப்பும் பக்கத்துத் தூர்களும், பக்கத்து வயலும், தாளடியும்தான். ஈக்கள் பறந்துபோகும் காலம் கடந்த பின்னும் நுனியில் துளையில்லாமல், உரிதோல் தொங்காமல் நிற்கும் குழல்களில் பெரும்பாலும் இக்குளவிகளே இருக்கின்றன. மாசிக்காய் வணிகர் துளையில்லாத காயை உயர்ந்ததென்று எடுத்துவைப்பதைப் போலவே வயலிலும் துளையில்லாத கழலையே மதிப்புடையது. அத்தகைய குழல்களைச் சேகரித்து, நடவு செய்த பத்தாம் நாளில் 10 சதுர மீட்டருக்கு ஒன்று வீதம் வயலில் வைக்கும்படி தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பரிந்துரைக்கிறது. ஏக்கருக்குச் சுமார் 400 குழல்கள், தஞ்சைக் கணக்கில் ஒரு மாவுக்கு ஏறத்தாழ 135. ஒரு மாவுக்குத் தெளிக்கும் மருந்தின் விலையோடு ஒப்பிட்டால் இது வெறும் கூலிச் செலவு.

வெள்ளித்தண்டைக் கண்ட பிறகு அவசரமாகத் தெளிக்கப்படும் பரவலான நஞ்சு குழலுக்குள் இருக்கும் ஈயைத் தொடுவதில்லை. முட்டை தேடி இலைகளின்மேல் அலையும் குளவியையும், வலை பின்னிக் காத்திருக்கும் சிலந்தியையும்தான் அது முதலில் கொல்கிறது. தூர்களில் நூற்றுக்குப் பத்து குழலானால் பொருளாதாரச் சேதநிலை என்று பல்கலைக்கழகம் வரையறுத்திருப்பது, அதற்கும் குறைவான சேதத்தைப் பயிர் தானே ஈடுசெய்துகொள்ளும் என்பதால்தான். இந்தக் கணக்கைப் பாராமல், ஒரு மூலையில் நான்கு குழல்களைக் கண்டதும் மொத்த வயலையும் நனைக்கும் வழக்கம் அறியாமையால் மட்டும் வந்ததன்று. கடனுக்கு மருந்து கொடுக்கும் கடையே பயிர் ஆலோசனையும் வழங்கும் நிலை இருக்கும்வரை அது மாறப்போவதுமில்லை.

செய்ய வேண்டியவை புதியவை அல்ல. அறுவடை முடிந்தவுடன் மறுதாம்பு துளிர்க்க விடாமல் உழுதுவிடுவது, ஒரு வாய்க்காலின் பாசனக்காரர்கள் கூடிப் பேசி நடவை இயன்றவரை நெருக்கமான நாள்களுக்குள் முடிப்பது, தழைச்சத்தை இலை வண்ண அட்டையைப் பார்த்துப் பிரித்து இட்டுச் சாம்பல் சத்தைக் குறைக்காமல் இருப்பது ஆகிய மூன்றுக்கும் ஈயை விலைகொடுத்து விரட்டுவதைவிடக் குறைந்த செலவே ஆகும். அரசின் பங்கில், அணை திறக்கும் நாள் பிந்தும் ஆண்டுகளில் நீர்வரத்து அறிவிப்போடு சேர்த்துப் பூச்சி எச்சரிக்கையும் வட்டார வாரியாக வெளிவர வேண்டும். விளக்குப் பொறியில் விழும் ஈக்களின் எண்ணிக்கையை வேளாண் விரிவாக்க மையங்களின் வாசலில் வாரந்தோறும் எழுதிவைப்பதற்குப் பெரிய நிதி தேவையில்லை. விவசாயியின் பங்கில், ஐப்பசி கார்த்திகையில் வானம் மூடியவுடன், வெள்ளித்தண்டு தெரிவதற்குக் காத்திராமல், வாரம் ஒருமுறை வயலில் இறங்கி நாலைந்து இடங்களில் குத்துகளை விரித்து, இளந்தூரின் அடியைக் கீறிப் பார்த்து, அதன் பிறகு மருந்தைப் பற்றி முடிவு செய்ய வேண்டும்.